விரும்புகிறவர்கள் கொடுக்கட்டும் என்னும் வாதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொது ஒலிபரப்புக்குச் சர்க்கார் அளித்து வந்த மானியத்தை நிறுத்திவிட வேண்டாமென்று, 2025-ஆம் வருஷத்தில் எண்ணற்ற பிரஜைகள் தத்தம் காங்கிரஸ் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதியும், தொலைபேசியில் அழைத்தும், நேரில் கண்டும் முறையிட்டார்கள். முறையீடு பலிக்கவில்லை. ஜூலை 17-ஆம் தேதி விடியுமுன் செனட் சபை 51-க்கு 48 என்ற கணக்கிலும், மறுநாள் நள்ளிரவு கடந்தபின் பிரதிநிதிகள் சபை 216-க்கு 213 என்ற கணக்கிலும் வாக்களித்து, ஏற்கெனவே சட்டபூர்வமாக ஒதுக்கியிருந்த இரண்டு வருஷத்துப் பணமான சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்து, அந்தப் பணத்தை நாடெங்குமுள்ள நிலையங்களுக்குப் பங்கிட்டு வந்த பொது ஒலிபரப்புக் கழகம், ஆகஸ்டில் தன் காரியங்களை முடித்துக்கொள்ளத் தொடங்கி, 2026 ஜனவரியில் தன்னைத்தானே கலைத்துவிடத் தீர்மானித்தது. இவ்வளவும் நடந்து முடிந்த பிற்பாடு, நடந்தது நியாயமே என்று சொல்லுகிறவர்களின் தொகை குறைவதற்குப் பதிலாகப் பெருகியிருப்பதுதான் என்னை இதை எழுதத் தூண்டுகிறது.

அவர்களுடைய வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துரைப்பது முதற்கடமை. 1967-இல் அமெரிக்கக் குடும்பங்களுக்கு மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களைத் தவிர வேறு போக்கில்லை. இன்றைக்கோ உள்ளங்கையிலுள்ள கருவியில் உலகத்துச் செய்தியெல்லாம் வந்து குவிகிறது. ஆகவே இந்த மானியம் காலங்கடந்துபோன ஏற்பாடு என்பது ஒன்று. சர்க்காரின் உப்பைத் தின்னும் பத்திரிகையாளன் சர்க்காரை எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டான் என்பது மற்றொன்று. தான் வெறுக்கும் அபிப்பிராயத்தைப் பரப்புவதற்காக ஒருவன் வரி கொடுக்கும்படி நிர்ப்பந்திப்பது அநீதி என்பது பிறிதொன்று. 2025 மே 1-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த உத்தரவின் சாரமும் ஏறத்தாழ இம்மூன்றே. எல்லாவற்றுக்கும் சிகரமாக, இந்த ஒலிபரப்பைக் கேட்கிறவர்கள் படித்தவர்கள், வசதி வாய்ந்தவர்கள், ஆகையால் விரும்புகிறவர்கள் தாங்களே பணம் கொடுத்து அதை நடத்திக்கொள்ளட்டும் என்கிறார்கள். கட்சிப் பற்று இல்லாத நல்லவர்களையும் மயக்கிவிட்ட வாதம் இந்தக் கடைசி வாதமே. ஆதலால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மானியம் யாருக்குப் போயிற்று என்று பார்த்தாலே இதன் அஸ்திவாரம் ஆடிப்போகும். கடைசி வருஷங்களில் கழகத்துக்குக் கிடைத்த தொகை ஆண்டுக்கு 53.5 கோடி டாலர். ஜனத்தொகையால் வகுத்தால் தலைக்கு ஒன்றரை டாலரைச் சற்றே தாண்டும். அதில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் உள்ளூர் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குச் சென்றது. எதிரிகளின் கோபத்துக்கெல்லாம் இலக்கான என்.பி.ஆர். என்னும் தேசிய வானொலி ஸ்தாபனம் நேரடியாகப் பெற்றது அதன் வரவில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. உள்ளூர் நிலையங்கள் அதற்குச் செலுத்தும் சந்தாவில் சர்க்கார் பணமும் கலந்திருந்தது மெய்தான், ஆயினும் அதையும் சேர்த்துப் பார்த்தாலுங்கூட அந்த ஸ்தாபனம் மானியமின்றி உயிர் வாழக்கூடியதே. நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் உள்ள நிலையங்கள், நன்கொடையாளர்கள் சூழ வாழ்கிறவை. அவற்றின் கணக்குப் புத்தகத்தில் சர்க்கார் பணம் ஒரு சிறு வரி. அலாஸ்கா மாகாணத்தில், வெளியூரிலிருந்து சாலை வழியே சென்றடையவே முடியாத பெத்தெல் என்னும் ஊரில் கே.ஒய்.யூ.கே. என்றொரு நிலையம் உண்டு; யூக்கான், குஸ்கோக்விம் நதிகளின் கழிமுகத்தில் சிதறிக்கிடக்கும் கிராமங்களுக்கு ஆங்கிலத்திலும் யூப்பிக் மொழியிலும் ஒலிபரப்புவது. அதன் வரவில் பெரும்பகுதி இந்த மானியமே. மீன் பிடித்தும் வேட்டையாடியும் ஜீவிக்கும் அந்த மக்களிடம் போய், விரும்பினால் நீங்களே கொடுங்கள் என்று சொல்வது எத்தகைய நீதி?

நம் பக்கத்து ஏரிப் பாசனத்தில் தலைமடைக்காரனுக்குக் குடிமராமத்தின் அருமை தெரிவதில்லை. வாய்க்கால் தூர்ந்தாலும் அவன் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும், காய்வது கடைமடை. மானியம் நின்ற பிற்பாடு நன்கொடைகள் பெருகின என்பதை எதிரிகள் வெற்றிக் களிப்போடு எடுத்துக்காட்டுகிறார்கள். பெருகியது உண்மை; பெருகிய இடம் எது என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. பட்டணத்துக் கனவான்கள் தங்கள் பட்டணத்து நிலையத்துக்குக் காசோலை எழுதுவார்கள். தாங்கள் ஒருநாளும் கேட்டிராத நிலையத்துக்கு, பெயர்கூட அறியாத கழிமுகத்துக்கு, எழுதுவது அபூர்வம். சில தரும ஸ்தாபனங்கள் நலிந்த நிலையங்களுக்குத் தற்காலிக உதவி செய்ய முன்வந்திருப்பது போற்றத்தக்கது. ஆனால் தற்காலிகம் என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆக, விரும்புகிறவர்கள் கொடுக்கட்டும் என்ற விதி, யாரைத் தண்டிக்க வேண்டுமென்று அதை விதித்தவர்கள் எண்ணினார்களோ அவர்களைத் தொடாமல், அவர்களுக்கே வாக்களித்த நாட்டுப்புறத்தைத் தண்டிக்கிறது.

இது மசோதாவைக் கொண்டுவந்தவர்களுக்குத் தெரியாத விஷயமுமன்று. தெற்கு டகோட்டாவின் செனட்டர் மைக் ரவுண்ட்ஸ், தம் மாகாணத்துப் பழங்குடியினரின் வானொலிகள் மூடிவிடுமே என்று அஞ்சி, வேறொரு இலாகாவின் செலவாகாத பணத்திலிருந்து அவற்றுக்கு ஏதேனும் தருவதாக வாக்குப் பெற்றுக்கொண்ட பிறகே மசோதாவுக்கு ஆதரவளித்தார். மானியம் வீண் என்றால் இந்த விதிவிலக்கு எதற்கு? விதிவிலக்கு அவசியமென்றால், அதே நிலையிலிருக்கும் மற்ற மலைப்பிரதேசங்களும் சமவெளிகளும் செய்த குற்றம் யாது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் கிடைக்கவில்லை.

செய்தி எங்கும் நிறைந்து கிடக்கிறது என்னும் வாதத்துக்கு வருவோம். நிறைந்து கிடப்பது எது என்று கேட்க வேண்டும். வாஷிங்டனில் யார் யாரை வைதார்கள் என்பதை அறிந்துகொள்ள ஆயிரம் வழிகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். உங்கள் ஜில்லாவின் குடிநீர் கெட்டுவிட்டது, உங்கள் ஊர்ப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்பதை அறிந்துகொள்ள எத்தனை வழிகள்? மூவாயிரத்துச் சொச்சம் ஜில்லாக்கள் கொண்ட அந்த நாட்டில் இருநூறுக்கு மேற்பட்டவற்றில் உள்ளூர்ச் செய்தி தரும் பத்திரிகையோ நிலையமோ ஒன்றுகூட இல்லை என்று நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் மெடில் பத்திரிகைக் கல்லூரி கணக்கெடுத்திருக்கிறது. 2005-க்குப் பின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்தித்தாள்கள் அங்கே மறைந்தன. சந்தை தானே நிரப்பிவிடும் என்று சொல்லப்படுகிற இடத்தைச் சந்தைதான் காலி செய்துகொண்டிருக்கிறது.

வானொலியிலும் இதே கதைதான். ஒரு நிறுவனம் இத்தனை நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்றிருந்த தேசிய வரம்பை 1996-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கிவிட்டது. சில வருஷங்களுக்குள் ஒரே கம்பெனி ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை விழுங்கிற்று. வடக்கு டகோட்டாவில் மைனாட் என்னும் சிறு நகரம். அங்கிருந்த ஆறு வர்த்தக வானொலிகளும் அந்தக் கம்பெனிக்கே சொந்தம். 2002 ஜனவரி 18-ஆம் தேதி, உறைபனிக் காலத்து நள்ளிரவு கடந்த வேளையில், அமோனியா ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் ஊருக்கருகே தடம் புரண்டு, விஷப்புகை நகரத்தின்மேல் கவிந்தது. எச்சரிக்கை விடுக்க வேண்டி அதிகாரிகள் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தபோது எடுத்துப் பேச ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் புகையால் துன்புற்றார்கள். குற்றம் கம்பெனியுடையதா, எச்சரிக்கை இயந்திரத்தைச் சரியாக இயக்காத போலீஸாருடையதா என்று பின்னர் வாதாடினார்கள். வாதத்தின் முடிவு எப்படியானாலும், ஆறு அலைவரிசை உண்டு என்பதும் ஆறு குரல் உண்டு என்பதும் ஒன்றாகாது என்பது அன்றிரவே நிரூபணமாயிற்று.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் என்னும் சூறாவளி வடக்கு கரோலினாவின் மலைநாட்டைத் தாக்கியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆஷ்வில் நகரத்தில் மின்சாரம் போயிற்று, குழாய்த் தண்ணீர் போயிற்று, கைபேசிக் கோபுரங்கள் செயலற்றன, இணையம் அறவே அற்றது. எங்கும் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படுகிற அந்தச் செய்தி வெள்ளம் ஒரே இரவில் வற்றிவிட்டது. காரிலிருந்த வானொலியையும் மின்கலப் பெட்டிகளையும் சுற்றி ஜனங்கள் கூடி நின்று, எந்தச் சாலை திறந்திருக்கிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ப்ளூ ரிட்ஜ் பொது வானொலி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெத்தெலிலோ, மானியம் நின்றுபோன அக்டோபர் மாதத்தின் இரண்டாம் வாரத்திலேயே சோதனை வந்தது. ஹாலோங் சூறாவளியின் மிச்சம் வந்து கிப்னுக், க்விகிலிங்கோக் என்னும் கடலோரக் கிராமங்களைப் பெயர்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விமானங்களில் வெளியேற நேர்ந்தபோது, ஆட்குறைப்புக்கு ஆளாகியிருந்த அந்த நிலையந்தான் இரு மொழிகளிலும் விடாது பேசிற்று. மசோதா செனட்டில் விவாதத்திலிருந்த ஜூலை 16-ஆம் தேதியே அலாஸ்காக் கரைக்கப்பால் 7.3 அளவில் பூமி அதிர்ந்து, சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. எச்சரிக்கையைக் கொண்டுசெல்வது இந்த வானொலிகள் என்று செனட்டர் லிசா மர்கௌஸ்கி அன்றே எடுத்துரைத்தார். ஆளுங்கட்சியைச் சேர்ந்த அவரும் சூசன் காலின்ஸும் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. கைபேசி இருக்கிறதே என்று இன்னும் சொல்லுகிறவர்கள் ஒன்று அறிய வேண்டும்: கைபேசிக்கு வரும் அபாய எச்சரிக்கைகளுக்கே மாற்றுவழியாக அமைந்திருப்பது பொதுத் தொலைக்காட்சியின் செயற்கைக்கோள் இணைப்பும் கோபுரங்களுமே.

குழந்தைகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 1969-இல், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திவந்த ஃப்ரெட் ராஜர்ஸ் செனட்டர் பாஸ்டோரின் குழுவின்முன் பேசி, கரடுமுரடான அந்தத் தலைவரை இளக்கி, இரண்டு கோடி டாலருக்கு வழி செய்த சம்பவத்தை ஆதரவாளர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள், அதனால் இனி யாரும் இளகப் போவதில்லை. அதைவிடப் பொருத்தமான பாடம் வேறொன்று உண்டு. ஏழைக் குழந்தைகளுக்கும் பள்ளி செல்லுமுன்பே எழுத்தும் எண்ணும் கிட்ட வேண்டுமென்று 1969 நவம்பரில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சி, பணமுடை காரணமாக 2016 முதல் எச்.பி.ஓ. என்னும் கட்டணத் தொலைக்காட்சியோடு ஒப்பந்தத்துக்குள் போயிற்று. புதிய பாகங்களைக் கட்டணம் செலுத்தும் வீட்டுக் குழந்தைகள் முதலில் பார்த்தார்கள். மற்றவர்கள் ஒன்பது மாதம் காத்திருந்தார்கள். சந்தை அந்த நிகழ்ச்சியைக் காப்பாற்றிற்று என்று சொல்வதில் பொய்யில்லை. எந்தக் குழந்தைகளுக்காக அது பிறந்ததோ அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்திக் காப்பாற்றிற்று.

இனி, சர்க்கார் பணம் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்ற ஆட்சேபம். இதற்கு மானியத்தின் எதிரிகள் ஜெஃபர்ஸனைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். நம்பாத கொள்கையைப் பரப்புவதற்காக ஒருவனிடம் பொருள் பறிப்பது பாபம் என்ற கருத்துப்பட அவர் எழுதியது உண்டு. எழுதியது வர்ஜீனியாவின் மத சுதந்திரச் சட்டத்தில். அவர் மனத்திலிருந்தது பாதிரிமாருக்காக வசூலித்த வரி. பத்திரிகை விஷயத்தில் அந்தத் தலைமுறையினர் செய்தது முற்றிலும் வேறு. 1792-ஆம் வருஷத்துத் தபால் சட்டப்படி, கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை கட்டணம் இருக்க, செய்தித்தாளுக்கு நூறு மைலுக்குள் 1 சென்ட், அதற்கப்பால் ஒன்றரை சென்ட். பத்திராதிபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பிரதிகளுக்குக் கட்டணமே இல்லை. நஷ்டத்தை ஏற்றது தபால் இலாகா. அந்தச் சிறு கட்டணமுங்கூட அதிகமென்று மாடிஸன் குறைப்பட்டார். சர்க்காரைத் திட்டும் பத்திரிகைக்கும் துதிக்கும் பத்திரிகைக்கும் சலுகை ஒன்றே. ஜெஃபர்ஸனோ ஒருபடி மேலே போனார். தாம் ராஜாங்க மந்திரியாக இருக்கையில் பிலிப் ஃப்ரெனோ என்பவருக்குத் தம் இலாகாவில் வருஷம் 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்து, தாமும் அங்கம் வகித்த அதே ஆட்சியின் கொள்கைகளைச் சாடும் பத்திரிகையை அவர் நடத்த வழி செய்தார். அதை நான் முன்மாதிரியாகச் சொல்ல வரவில்லை. சாட்சியை அழைக்கிறவர்கள் அவருடைய முழு வாக்குமூலத்தையும் கேட்பது நல்லது.

அநுபவம் என்ன சொல்லுகிறது? 1972 ஜூன் 30-இல் ஜனாதிபதி நிக்ஸன் கழகத்துக்கான நிதி மசோதாவை ரத்து செய்தார். அதிகாரம் ஓரிடத்தில் குவிகிறது, உள்ளூர் நிலையங்கள் நசுங்குகின்றன என்பது அவர் வெளிக்குச் சொன்ன காரணம்; தமக்குப் பிடிக்காத ராபர்ட் மக்நீல், சாண்டர் வானோகர் என்னும் செய்தியாளர்களை அமர்த்திக்கொண்டதுதான் உள்ளிருந்த கோபம் என்பது பின்னாளில் வெளிவந்த வெள்ளை மாளிகைக் குறிப்புகளால் தெளிவாயிற்று. மறுவருஷமே, வாட்டர்கேட் விசாரணையை முழுவதுமாக இரவுதோறும் மறு ஒளிபரப்புச் செய்து, ஜனாதிபதியின் அந்தரங்கத்தை நாட்டுக்குக் காட்டியது எந்தத் தொலைக்காட்சி? சர்க்கார் உப்பைத் தின்ற பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். தான், அதில் அமர்ந்து விளக்கியவர்கள் அதே மக்நீலும் அவருடைய தோழர் ஜிம் லேரரும். சர்க்கார் பணமே தொடாத வர்த்தக நிறுவனங்களின் தைரியத்தை 2025 ஜூலையில் கண்டோம். சி.பி.எஸ். தொலைக்காட்சியின் உரிமையாளரான பாரமௌண்ட், ஜனாதிபதி தொடுத்த வழக்கை 1.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வேறொரு கம்பெனியோடு அது இணைவதற்கு, ஒலிபரப்பு லைசென்ஸ் வழங்கும் சர்க்கார் கமிஷனின் அனுமதி அப்போது நிலுவையிலிருந்தது. அனுமதி ஜூலை 24-இல் கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி சொல்லிற்று, இருக்கலாம். பொது ஒலிபரப்பின் பணத்தைப் பறிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டதும் அதே ஜூலை 24. தயவை எதிர்பார்க்கிறவனுக்கு மானியம் வேண்டியதில்லை, லைசென்ஸ் போதும்.

பட்சபாதக் குற்றச்சாட்டை நான் மழுப்பப் போவதில்லை. என்.பி.ஆரில் இருபத்தைந்து வருஷம் உழைத்த யூரி பெர்லினர் என்னும் மூத்த ஆசிரியர், அங்கே ஒரே சாயலுடைய சிந்தனைதான் செல்லுபடியாகிறது என்று 2024 ஏப்ரலில் எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உண்மையாகவே படுகிறது. நாட்டின் பாதிப்பேர் தங்களை அந்நியராக உணரும்படி பேசும் ஒரு ஸ்தாபனம், தேசியம் என்ற அடைமொழிக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அது எப்போதும் அப்படியே இருந்தது என்பது தவறு. பழைமைக் கட்சியினரின் ஞானகுருவான வில்லியம் பக்லி தம்முடைய ஃபயரிங் லைன் நிகழ்ச்சியை 1971 முதல் 1999 வரை நடத்தியது பி.பி.எஸ்ஸில்தான். சர்ச்சைக்குரிய விஷயங்களில் நடுநிலை வழுவலாகாது என்று 1967-ஆம் வருஷத்துச் சட்டமே கூறுகிறது. எந்தச் சர்க்கார் அதிகாரியும் நிகழ்ச்சிகளில் தலையிடலாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. இவ்விரண்டுக்குமிடையே ஸ்தாபனத்தைத் திருத்துவது கடினமான வேலை; காங்கிரஸ் அந்த வேலையில் இறங்கவேயில்லை. திருத்தப்பட வேண்டிய தேசிய வானொலி தன் நன்கொடையாளர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இனி அது யாருக்கு உகந்தபடி பேசும்? முன்பாவது டகோட்டாவுக்கும் அலாஸ்காவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியாக, யார் யார் பொதுச் சொத்தில் வாழ்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்போம். வானத்து அலைகள் பிரஜைகளின் சொத்து என்பது அமெரிக்கச் சட்டத்தின் பழைய கொள்கை. 1996-இல் எண்முறைத் தொலைக்காட்சிக்கு மாறுவதற்காக, வர்த்தக நிலையம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது அலைவரிசை ஒன்றைக் காங்கிரஸ் இனாமாகக் கொடுத்தது. பழையதைப் பிற்பாடு திருப்பித் தர வேண்டுமென்பதே நிபந்தனை. ஏலம் விட்டிருந்தால் 1,100 கோடி முதல் 7,000 கோடி டாலர் வரை கிடைத்திருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். கம்பெனிகளுக்கு இப்படித் தானம் செய்வதா என்று கொதித்தெழுந்தவர் குடியரசுக் கட்சியின் செனட் தலைவரான பாப் டோல். அந்த மதிப்பீட்டில் குறைந்த தொகையை எடுத்துக்கொண்டாலும் பொது ஒலிபரப்பு மானியம் இருபது வருஷத்துக்குக் காணும். கூடிய தொகையை எடுத்தால் நூறு வருஷத்தையும் தாண்டும். வரி கொடுப்பவனுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இந்த இனாமைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகையால் இப்போது மறுபடியும் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கும் பிரஜைகளோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பழைய மானியத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் கேட்பது போதாது. 1967-இல், பொதுத் தொலைக்காட்சியைப் பற்றி ஆராய்ந்த கார்னெகிக் குழு சொன்ன யோசனை வேறு: விற்கும் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியின்மேலும் நூற்றுக்கு இரண்டில் தொடங்கி ஐந்து வரை வரி விதித்து, அதைத் தனி நிதியாக வைத்து, அன்றன்றைய காங்கிரஸின் கோபதாபங்களுக்கு எட்டாதபடி நடத்த வேண்டுமென்றது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. நிக்ஸனின் ரத்துக்குப் பின் 1975-இல் முன்கூட்டியே ஒதுக்கும் முறை வந்தது. அந்த வேலியையும் 2025-இல் பெயர்த்தாயிற்று. பெட்டிமேல் வரி இன்று பொருந்தாது. அலைவரிசையை உபயோகிக்கும் வர்த்தக நிலையங்களிடம் வாடகை வசூலித்து, அதை நாட்டுப்புற நிலையங்களுக்கென்று ஒதுக்கும்படி கேட்க வேண்டும். கேட்டால் அந்த நிலையங்கள் என்ன சொல்லும் என்பது தெரிந்ததே. அலைகளில் நான்கில் ஒரு பங்கை லாபநோக்கற்ற ஸ்தாபனங்களுக்கு விட வேண்டுமென்று செனட்டர்கள் வாக்னரும் ஹாட்ஃபீல்டும் 1934 மே மாதம் கொண்டுவந்த திருத்தம் 42-க்கு 23 என்று தோற்றது. தனிப்பங்கு எதற்கு, கல்விக்கு வேண்டிய நேரத்தை நாங்களே தருகிறோம் என்றன வர்த்தக நிறுவனங்கள். 1961-இல் சர்க்கார் கமிஷனின் தலைவர் நியூட்டன் மினோ அவர்களுடைய மாநாட்டிலேயே எழுந்து நின்று, உங்கள் தொலைக்காட்சியை ஒருநாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள், பாலைவனமாகக் கிடக்கிறது என்று சொன்னதே அந்த வாக்குறுதியின் கதிக்குச் சாட்சி.